பிறநாட்டு நாணயம்

வெளிநாட்டுப் பயணம் அறிவை விரிவாக்கும், மனத்தைப் பண்படுத்தும். பலவகை மக்களையும் அவர்தம் நகரங்களையும் தொழில்களையும் நேரிற் காண்பவர், நூல்களால் மட்டும் பெற இயலாத தெளிவைப் பெறுவர். ஒரு காலத்தில் செல்வர்க்கே உரியதாக இருந்த இப்பேறு, இன்று நடுத்தரக் குடும்பத்தினர்க்கும் கிட்டியுள்ளது. பள்ளி விடுமுறையில் இலங்கைக்கும் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் சென்றுவரும் தமிழ்க் குடும்பங்கள் பலவாகும்.

இவ்வாறு புறப்படுவோர் கடவுச்சீட்டு, நுழைவிசைவு, விமானச் சீட்டு ஆகியவற்றைப் பல நாள் முன்னரே ஆராய்ந்து பெறுகின்றனர். ஆனால், அங்கே செலவிடுவதற்குரிய பணத்தைப் பற்றிப் பலர் இறுதி நாள் வரையில் எண்ணுவதில்லை. விமான நிலையத்தில் முதலிற் கண்ணிற்படும் சாளரத்தில், கேட்ட விலையைக் கொடுத்துப் பிறநாட்டுத் தாள்களை வாங்கிக்கொண்டு விரைகின்றனர். சந்தையில் ஒரு முழம் பூவுக்கு விலை பேசுவோர், பல்லாயிரம் ரூபாய்க்கு நாணயம் வாங்கும்போது வாய் திறவாமல் வாங்குவது வியப்பன்றோ?

பிறநாட்டு நாணயமும் அரிசி, துணி முதலியவற்றைப் போன்று ஒரு பண்டமே. அதற்கு விலை உண்டு. அவ்விலை நாளுக்கு நாள் மாறும். கடைக்குக் கடையும் மாறும். இவ்வுண்மையை உணர்ந்தவர், உழைத்துச் சேர்த்த பொருளை வழியிலேயே இழந்துவிடார்.

ஒரு நாட்டின் நாணயம் பொதுவாக அந்நாட்டின் எல்லைக்குள்ளேதான் சட்டப்படி செல்லும். நூறு ரூபாய்த் தாள் ஒன்றைக் கையில் எடுத்து நோக்கின், அதனைக் கொண்டுவருபவருக்கு நூறு ரூபாய் தருவதாக இந்திய ரிசர்வ் வங்கியின் ஆளுநர் கையொப்பமிட்டு அளித்த உறுதிமொழி காணப்படும். அவ்வுறுதிமொழியே அத்தாளின் உயிர். எல்லை கடந்தபின் அத்தாளை ஏற்றுக்கொள்ளுமாறு எந்தக் கடைக்காரரையும் யாரும் வற்புறுத்த இயலாது. சிங்கப்பூர்க் காசுகளில் அந்நாட்டின் பெயர் தமிழ் எழுத்திலும் பொறிக்கப்பட்டுள்ளது. இலங்கை, மொரீசியசு ஆகிய நாடுகளின் பணத்தாள்களிலும் தமிழ் எழுத்தைக் காணலாம். எழுத்து நம்முடையதாயினும் காசு நம்முடையதன்று; அதனை விலை கொடுத்தே பெறுதல் வேண்டும்.

பண்டைக்காலத்தில் நாணயத்தின் எல்லை இத்துணைக் கண்டிப்பானதாக இல்லை. காசின் மதிப்பு அதிலுள்ள பொன்னையும் வெள்ளியையும் பொறுத்திருந்தது. உரோம நாட்டுப் பொற்காசுகளும் வெள்ளிக்காசுகளும் கரூர், கோயம்புத்தூர், புதுக்கோட்டைப் பகுதிகளில் மிகுதியாகக் கிடைத்துள்ளன. அவற்றின்மீது எந்த மன்னன் முகம் இருந்தது என்பதைவிட, அவற்றின் எடையும் தூய்மையுமே இங்கு வாழ்ந்த வணிகர்க்கு முதன்மையாக இருந்தன என்பது ஆய்வாளர் கருத்து. காசுகளை நோட்டம் பார்த்து, நல்லன இவை, தீயன இவை என்று பிரித்துரைப்போர் அந்நாளில் வண்ணக்கர் எனப்பட்டனர். சங்கப் புலவர் சிலர் பெயரோடும் வண்ணக்கன் என்னும் சொல் சேர்ந்து வழங்குகின்றது. இக்காலப் பணத்தாளில் பொன்னும் இல்லை; வெள்ளியும் இல்லை. ஆதலின் உரைத்துப் பார்க்கும் கல் பயன்படாது. அதற்கு ஈடாக, விலையை உரைத்துப் பார்க்கும் அறிவு பயணிக்கு வேண்டும்.

அவ்விலை எங்ஙனம் அமைகிறது? இதற்கு இரு முறைகள் உண்டு. ஒன்று, அரசுகள் ஒரு விலையைக் குறித்து அதனையே நிலைநிறுத்தும் முறை. மற்றொன்று, வாங்குவோரும் விற்போரும் கூடும் சந்தையில் விலை தானே அமையும் முறை.

1944-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அமெரிக்காவிலுள்ள பிரெட்டன் உட்ஸ் என்னுமிடத்தில் 44 நாடுகளின் பேராளர்கள் கூடி, முதல் முறையைப் பின்பற்ற முடிவு செய்தனர். பல நாட்டு நாணயங்கள் அமெரிக்க டாலரோடு இணைக்கப்பட்டன. டாலர் பொன்னோடு இணைக்கப்பட்டது. இந்தியாவும் அவ்வழியே நின்றது. ஒரு டாலருக்கு 4 ரூபாய் 76 காசு என்பது நெடுநாள் வழங்கிய விலை. 1966-ஆம் ஆண்டு ஜூன் 6-ஆம் நாள் அரசு ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. ஒரு டாலரின் விலை 7 ரூபாய் 50 காசு ஆயிற்று. முன்னர் 476 ரூபாய் கொடுத்து 100 டாலர் பெற்றவர், பின்னர் அதே 100 டாலருக்கு 750 ரூபாய் கொடுக்க நேர்ந்தது.

இம்மாற்றம் இந்தியாவோடு நிற்கவில்லை. அந்நாளில் பாரசீக வளைகுடாவைச் சார்ந்த சில நாடுகளில், ரிசர்வ் வங்கி 1959-ஆம் ஆண்டு முதல் தனியே வெளியிட்ட வளைகுடா ரூபாய் செலாவணியில் இருந்தது. குவைத்து 1961-இலும் பகுரைன் 1965-இலும் தமக்கெனத் தினார் நாணயத்தை அமைத்துக்கொண்டன. 1966-இல் ரூபாயின் மதிப்புக் குறைந்ததும், கத்தாரும் இன்று ஐக்கிய அரபு நாடுகள் என வழங்கும் பகுதிகளும் அந்த ரூபாயைக் கைவிட்டன. ஒரு நாணயத்தின் மதிப்பு மாறும்போது, அதனை நம்பியிருந்தோர் அனைவரும் அம்மாற்றத்தை உணர்வர் என்பதற்கு இஃது ஒரு சான்று.

1971-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள், டாலரைப் பொன்னாக மாற்றித் தரும் வழக்கத்தை அமெரிக்கக் குடியரசுத் தலைவர் நிக்சன் நிறுத்தினார். அதன்பின் பெருநாடுகளின் நாணயங்கள் சந்தை விலைக்கு மாறின. இந்திய ரூபாயின் விலையும் 1993-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் முதல் சந்தையிலேயே அமைந்து வருகின்றது. திருப்பூரிலிருந்து பின்னலாடை ஏற்றுமதி செய்பவர் தாம் பெற்ற டாலரை விற்கிறார். வளைகுடா நாடுகளில் உழைப்போர் தம் வீட்டுக்குப் பணம் அனுப்புகின்றனர். மறுபுறம், பெட்ரோலியம் வாங்கும் நிறுவனமும் வெளிநாட்டில் கல்வி பயிலும் மாணவரும் டாலரை நாடுகின்றனர். விற்போர் மிகின் டாலரின் விலை தாழும். வாங்குவோர் மிகின் உயரும். விலையின் ஏற்றத்தாழ்வு அளவு கடந்து போகாமல் ரிசர்வ் வங்கி வேண்டும்போது தானும் வாங்கியும் விற்றும் காக்கின்றது.

நிலைநிறுத்திய விலை முற்றிலும் மறைந்துவிடவில்லை. நேபாள நாட்டில் இந்திய ரூபாய் 1-க்கு நேபாள ரூபாய் 1.60 என்னும் விலை 1993-ஆம் ஆண்டு முதல் நிலைபெற்றுள்ளது. பூட்டான் நாட்டு நாணயம் இந்திய ரூபாய்க்குச் சமமானது. சிங்கப்பூர் டாலரும் புரூணை டாலரும் 1967-ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி ஒன்றுக்கொன்று சமமாகவே மாற்றப்படுகின்றன.

நாணயத்தின் விலையைக் காணும்போது ஒரு மயக்கம் தோன்றுவதுண்டு. ஒரு ரூபாய்க்கு எத்தனை கிடைக்கிறது என்பதைக் கொண்டே அந்நாடு வளமுடையதா வறியதா என்று சிலர் முடிவு செய்கின்றனர். ஜப்பானிய யென் ஒன்றின் விலை ஒரு ரூபாயினும் குறைவு. எனினும் ஜப்பான் செல்வமும் தொழில் வளமும் மிக்க நாடு. இந்தோனேசியாவில் 1,00,000 ரூப்பியாத் தாள் உண்டு. வியத்நாமில் 5,00,000 டாங் தாள் உண்டு. இவற்றைப் பெற்றவர் இலட்சாதிபதி ஆகிவிட்டதாக மகிழ வேண்டுவதில்லை. குவைத்துத் தினாரோ ஒன்றே பல டாலருக்கு ஈடாகும். ஓர் எண்ணின் பெருமையும் சிறுமையும் அந்நாட்டார் கொண்ட அலகைப் பொறுத்தவை. பயணி அறிய வேண்டுவது, அந்நாட்டில் ஒருவேளை உணவுக்கு எவ்வளவு, பேருந்துக் கட்டணம் எவ்வளவு, தங்கும் அறைக்கு எவ்வளவு என்பதே. அதனை அறிந்தால்தான் எவ்வளவு பணம் வேண்டும் என்று கணக்கிட இயலும்.

இனி, நாணயத்தை வாங்கும் முறையைக் காண்போம். நாணயமாற்று நிலையத்தில் தொங்கும் பலகையில் ஒவ்வொரு நாணயத்துக்கும் எதிரே இரண்டு விலைகள் எழுதப்பட்டிருக்கும். ஒன்று வாங்கும் விலை. மற்றொன்று விற்கும் விலை. இச்சொற்கள் கடைக்காரரை நோக்கியவை. வாடிக்கையாளரை நோக்கியவை அல்ல. கடைக்காரர் விற்கும் விலையில்தான் பயணி வாங்குகிறார். கடைக்காரர் வாங்கும் விலையில்தான் பயணி மீதிப் பணத்தை விற்கிறார். விற்கும் விலை எப்பொழுதும் மிகுதியாகவும், வாங்கும் விலை குறைவாகவும் இருக்கும். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடே கடைக்காரரின் ஊதியம். இவ்விரண்டின் நடுவில், வங்கிகள் தம்முள் பெருந்தொகையாக மாற்றிக்கொள்ளும் விலை ஒன்று உண்டு. அதனை நடுவிலை எனலாம். நாளிதழ்களிலும் இணையத்திலும் வெளிவருவது பெரும்பாலும் அவ்விலையே. எந்தக் கடையும் தனி ஒருவருக்கு நடுவிலையில் நாணயம் தாராது. ஆயினும், ஒரு கடையின் விலை நடுவிலையிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதைக் கொண்டு, அவ்விலை தக்கதா தகாததா என்று துணியலாம்.

மதுரையில் வாழும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், தம் மனைவியாரோடு சிங்கப்பூரைக் கண்டுவர விழைகின்றார் என்று கொள்க. அவர் கையிலுள்ளது பல ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம். அவருக்கு 1,000 சிங்கப்பூர் டாலர் வேண்டும். அன்றைய நடுவிலை ஒரு டாலருக்கு 70 ரூபாய் என வைத்துக்கொள்வோம். ஒரு கடையில், “கட்டணம் இல்லை” என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறது. விற்கும் விலை 73 ரூபாய் 50 காசு. மற்றொரு கடையில் விற்கும் விலை 71 ரூபாய். அதனோடு கட்டணம் 400 ரூபாய். ஆசிரியர் முதற்கடைக்கே செல்ல எண்ணுகிறார். ஒன்பதாம் வகுப்பிற் பயிலும் அவருடைய பெயர்த்தி தாளும் எழுதுகோலும் எடுத்துக் கணக்கிடுகிறாள்.

“தாத்தா, முதற்கடையில் 1,000 டாலருக்கு 73,500 ரூபாய் ஆகிறது. இரண்டாம் கடையில் 71,000 ரூபாயோடு கட்டணத்தையும் சேர்த்தால் 71,400 ரூபாய்தான். கட்டணம் வாங்கும் கடையில் 2,100 ரூபாய் மிச்சமாகிறதே!”

“ஆம் அம்மா. கட்டணம் இல்லை என்றவர் அதனை விலைக்குள் ஒளித்துவைத்திருக்கிறார். அப்படியாயின், எப்பொழுதும் இரண்டாம் கடையே நல்லது என்று கொள்ளலாமா?”

சிறுமி சற்றே சிந்தித்து, மீண்டும் கணக்கிடுகிறாள். “இல்லை தாத்தா. 100 டாலர் மட்டும் வாங்கினால், முதற்கடையில் 7,350 ரூபாய். இரண்டாம் கடையில் 7,500 ரூபாய். அப்பொழுது முதற்கடையே நல்லது. 160 டாலர் வாங்கினால் இரு கடையிலும் 11,760 ரூபாய்தான்.”

இச்சிறு கணக்கில் நாணயமாற்றின் நுட்பம் முழுவதும் அடங்கியுள்ளது. விலையை மட்டும் நோக்குதலும் தவறு. கட்டணத்தை மட்டும் நோக்குதலும் தவறு. கையிலிருந்து போகும் மொத்த ரூபாயை, கைக்கு வரும் டாலரின் எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்தல் வேண்டும். மேற்காட்டிய கணக்கில் 1,000 டாலர் வாங்குபவருக்கு, இரண்டாம் கடையில் ஒரு டாலரின் உண்மை விலை 71 ரூபாய் 40 காசு. அது நடுவிலையினும் நூற்றுக்கு 2 மிகுதி. முதற்கடையில் அது 73 ரூபாய் 50 காசு. நடுவிலையினும் நூற்றுக்கு 5 மிகுதி. அரசுக்குரிய வரி இதனின் வேறாகச் சேரும். “வரி உட்பட, எல்லாம் சேர்த்து எவ்வளவு?” என்னும் ஒரு வினாவைக் கேட்பவரிடத்தில் ஒளிந்த கட்டணம் செல்லாது.

சில நாட்டு நாணயங்கள் ரூபாயோடு நேராக மிகுதியும் வாணிகம் செய்யப்படுவதில்லை. அவற்றின் விலை அமெரிக்க டாலரின் வழியாகக் கணக்கிடப்படும். ஓர் அமெரிக்க டாலர் 87 ரூபாய் 50 காசுக்கும், 1.25 சிங்கப்பூர் டாலருக்கும் ஈடானால், 87.50 என்னும் எண்ணை 1.25 ஆல் வகுக்க, ஒரு சிங்கப்பூர் டாலரின் விலை 70 ரூபாய் என்று பெறப்படும். அரிதாகக் கேட்கப்படும் நாணயங்களுக்கு இரு விலைகளின் இடைவெளி அகலமாக இருக்கும். கடைக்காரர் அவற்றை நெடுநாள் வைத்திருக்க நேர்வதே அதற்குக் காரணம். இத்தகைய நாடுகளுக்குச் செல்வோர் சிலர் அமெரிக்க டாலரை இங்கே வாங்கி, அங்கே சென்று உள்நாட்டு நாணயமாக மாற்றிக்கொள்கின்றனர். இதில் இருமுறை மாற்றும் செலவு உண்டு. எவ்வழி இலாபமானது என்பதைக் கணக்கிட்ட பின்னரே தேர்ந்துகொள்ளல் வேண்டும்.

விலை குறைவு என்பதற்காக எவரிடமும் வாங்கிவிடலாகாது. இந்தியாவில் அயல்நாட்டு நாணயம் விற்கும் உரிமை, ரிசர்வ் வங்கியின் உரிமம் பெற்ற வங்கிகளுக்கும் நாணயமாற்று நிறுவனங்களுக்கும் மட்டுமே உண்டு. 1999-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 2000-ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்த அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம் இதனை முறைப்படுத்துகிறது. உரிமம் இல்லாதவரிடம் வாங்குவது சட்டத்துக்கு மாறானது. கள்ளத்தாள் கையிற் சேரும் இடரும் உண்டு. முறைப்படி வாங்குவோர் கடவுச்சீட்டு, வருமான வரித்துறை அளிக்கும் நிரந்தரக் கணக்கு எண் முதலிய சான்றுகளைக் காட்டுதல் வேண்டும். 50,000 ரூபாய்க்கு மேற்படின், அத்தொகையை ரொக்கமாகத் தராமல் காசோலை முதலிய வங்கி வழியாகச் செலுத்துதல் வேண்டும். மதுரை ஆசிரியரின் 71,400 ரூபாயும் அவ்வாறே செலுத்தத்தக்கது. பணம் செலுத்தியதும் பற்றுச்சீட்டைக் கேட்டுப் பெற்று, பயணம் முடியும் வரையில் காத்துவைத்தல் நன்று. மீதிப் பணத்தைத் திரும்ப விற்கும்போது அது துணையாகும்.

இக்காலப் பயணிக்குச் சட்டம் தாராளமாகவே இடந்தருகின்றது. 1960-ஐ அடுத்த ஆண்டுகளில் நாட்டில் அந்நியச் செலாவணி மிகவும் அருகியிருந்தமையால், எட்டு டாலர் போன்ற சிறு தொகையோடு கடல் கடந்த இந்தியர் பலர். இன்றோ, இந்தியாவில் வாழும் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 அமெரிக்க டாலர் வரையில் வெளிநாட்டுச் செலவுக்குப் பெறலாம். ஆயினும், பெரும்பாலான நாடுகளுக்குச் செல்லும் ஒருவர் ஒரு பயணத்தில் பணத்தாளாகப் பெறக்கூடியது 3,000 அமெரிக்க டாலருக்கு ஈடான தொகை மட்டுமே. எஞ்சியதை அட்டையாகவோ பிற வழியாகவோ பெறுதல் வேண்டும். திரும்பி வரும்போது பயன்படும் பொருட்டு, இந்திய ரூபாயையும் 25,000 வரையில் உடன் கொண்டு செல்லலாம். நேபாளத்துக்கும் பூட்டானுக்கும் விதிகள் வேறு.

முன்னாளிற் பயணிகள் திருட்டுக்கு அஞ்சிப் பயணக் காசோலைகளைக் கொண்டுசென்றனர். 1891-ஆம் ஆண்டில் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் நிறுவனம் வெளியிட்ட காசோலை உலகெங்கும் புகழ்பெற்றது. வாங்கும்போது ஒரு கையொப்பமும், மாற்றும்போது மற்றொரு கையொப்பமும் இட வேண்டுமாதலின், அதனைத் திருடியவர் எளிதில் பயன்படுத்த இயலாது. இப்பொழுது அக்காசோலைகள் அருகிவிட்டன. அவற்றின் இடத்தை அட்டைகள் பிடித்துக்கொண்டன.

அட்டைகள் இரு வகையின. முன்பணம் ஏற்றிய பயண அட்டையில், பணம் ஏற்றிய நாளின் விலையே நிலைத்து நிற்கும். பின்னர் ரூபாயின் மதிப்புக் குறைந்தாலும் பயணிக்கு இழப்பில்லை. தாள்களைக் கொண்டுவந்து காத்துவைக்கும் செலவு இல்லாமையால், அட்டைக்குரிய விலை பெரும்பாலும் தாளின் விலையினும் குறைவாக இருக்கும். அன்றாடம் உள்நாட்டிற் பயன்படுத்தும் பற்று அட்டையும் கடன் அட்டையும் வெளிநாட்டிலும் செல்லும். ஆனால், பல வங்கிகள் வெளிநாட்டுச் செலவுக்கு நூற்றுக்கு 2 முதல் 3½ வரையில் மிகைக் கட்டணம் பெறுகின்றன. மேலும், 2020-ஆம் ஆண்டு அக்டோபர் முதல், புதிய அட்டைகள் உள்நாட்டுப் பயனுக்கு மட்டுமே திறந்து தரப்படுகின்றன. வெளிநாட்டிலும் அவை செல்லுமாறு செய்யும்படி வங்கிக்கு முன்னரே அறிவித்தல் வேண்டும். இதனை மறந்து புறப்பட்டவர், அங்கே உணவு உண்ட பின்னர் அட்டை செல்லாமல் திகைக்க நேரும். 2024-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் முதல் இலங்கையிலும் மொரீசியசிலும் இந்தியப் பயணிகள் கைப்பேசி வழியாகப் பணம் செலுத்தும் ஏற்பாடும் தொடங்கப்பட்டது.

அட்டையைப் பயன்படுத்தும்போது ஒரு வினா எதிர்ப்படும். “ரூபாயிற் செலுத்துகிறீர்களா, இந்நாட்டு நாணயத்திற் செலுத்துகிறீர்களா?” என்று கடையிலுள்ள கருவி கேட்கும். ரூபாயென்றால் நமக்குப் பழகிய கணக்காயிற்றே என்று பலர் அதனையே தெரிந்துகொள்வர். அவ்வாறு செய்யின், மாற்று விலையைக் குறிப்பவர் அக்கடையின் சார்பில் நிற்கும் நிறுவனத்தார் ஆவர். அவ்விலை பெரும்பாலும் நடுவிலையினும் மிகுதியாகவே இருக்கும். ஆதலின், உள்நாட்டு நாணயத்திற் செலுத்துவதே பொதுவாக நன்று. தானியங்கிப் பணக் கருவியிற் பணம் எடுப்போர், எடுக்கும் ஒவ்வொரு முறையும் கட்டணம் உண்டு என்பதை எண்ணி, பலமுறை சிறிது சிறிதாக எடாமல் வேண்டிய தொகையை ஓரிரு முறையில் எடுத்துக்கொள்வர்.

இவற்றுள் ஒன்றையே நம்பிச் செல்லுதல் அறிவுடைமையன்று. இறங்கியவுடன் வண்டிக் கூலிக்கும் உணவுக்கும் உதவுமாறு சிறு தாள்களாக ஓரளவு பணமும், எஞ்சியதற்குப் பயண அட்டையும், இடர் நேர்ந்தால் உதவ மற்றோர் அட்டையும் வைத்திருத்தல் நன்று. அனைத்தையும் ஒரே பையில் வைக்காமல் பிரித்துவைத்தல் அதனினும் நன்று. உறவினர் அன்போடு கொடுக்கும் பழைய தாள்களையும் ஆராய்ந்தே ஏற்க வேண்டும். பிரிட்டனில் 20 பவுண்டு, 50 பவுண்டுக் காகிதத் தாள்கள் 2022-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாளோடு சட்டப்படி செல்லாதனவாயின. அவற்றை அந்நாட்டு மைய வங்கி இன்றும் மாற்றித் தரும். ஆனால் கடைக்காரர் வாங்க வேண்டிய கடமை இல்லை.

எப்பொழுது வாங்குவது என்பதும் பலர் கேட்கும் வினா. நாளை விலை ஏறுமா இறங்குமா என்பதை உறுதியாக உரைக்க வல்லார் எவருமிலர். எனவே, சூதாடுவார் போலக் காத்திராமல், புறப்படுவதற்குச் சில வாரங்கள் முன்னரே விலையைக் கவனித்து, இரண்டு மூன்று முறையாகப் பிரித்து வாங்கலாம். அவ்வாறு செய்யின் உயர்ந்த விலையும் தாழ்ந்த விலையும் கலந்து நடுத்தரமாக அமையும். எனினும், கட்டணம் ஒவ்வொரு முறையும் உண்டாயின், அதனையும் கணக்கிற் கொள்ள வேண்டும். இறுதி நாள் வரையில் காத்திருப்பவர்க்குக் கடைகளை ஒப்பிடும் வாய்ப்பே இராது.

வேண்டியதற்கு மிகுதியாக வாங்குவதும் இழப்பே. மதுரை ஆசிரியர் 200 டாலரைச் செலவிடாமல் திரும்பக் கொண்டுவந்தார் என்று கொள்க. அவர் அதனை டாலர் ஒன்றுக்கு 71 ரூபாயாக, 14,200 ரூபாய் கொடுத்து வாங்கினார். கடைக்காரர் வாங்கும் விலை 68 ரூபாயாயின், இப்பொழுது கிடைப்பது 13,600 ரூபாயே. எதையும் வாங்காமலே 600 ரூபாய் செலவாயிற்று. மீதியை விற்பதற்கும் சட்டம் காலம் குறித்துள்ளது. திரும்பி வந்த 180 நாட்களுக்குள் எஞ்சிய நாணயத்தை ஒப்படைத்தல் வேண்டும். 2,000 அமெரிக்க டாலருக்கு ஈடான தொகை வரையில் அடுத்த பயணத்துக்கென வைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவு விதிகள் எதற்கு என்று சிலர் எண்ணலாம். அதற்கு விடை 1991-ஆம் ஆண்டின் வரலாற்றில் உள்ளது. அவ்வாண்டில் இந்தியாவின் அந்நியச் செலாவணி இருப்பு, சில வாரங்களின் இறக்குமதிக்கே போதும் என்னும் அளவுக்குக் குறைந்தது. நாட்டின் சொல் தவறாதிருக்கும் பொருட்டு, ரிசர்வ் வங்கி ஏறத்தாழ 47 டன் பொன்னை வெளிநாட்டில் அடகுவைத்துக் கடன் பெற்றது. குடும்பத்துக்கு முடை வந்தபோது நகையை அடகுவைக்கும் இல்லத்தலைவியின் நிலையில் அன்று நாடு இருந்தது. பின்னர் அக்கடன் தீர்க்கப்பட்டுப் பொன்னும் மீட்கப்பட்டது. பயணி ஒருவர் எளிதாகப் பெறும் ஒவ்வொரு டாலரும், இந்நாட்டு நெசவாளரும் உழவரும் பொறியாளரும் கடல் கடந்து உழைப்போரும் ஈட்டித் தந்ததே என்பதை இவ்வரலாறு நினைவூட்டுகிறது. அதனை உரிய வழியில் வாங்குவதும், அளவறிந்து செலவிடுவதும், மிஞ்சியதைத் திரும்ப ஒப்படைப்பதும் அவ்வுழைப்புக்குச் செய்யும் மதிப்பாகும்.

பண்டை வண்ணக்கர் ஒரு காசைக் கையில் ஏந்தி, அதன் நிறத்தையும் எடையையும் ஆராய்ந்த பின்னரே மதிப்புரைத்தனர். இன்றைய பயணியும் விளம்பரப் பலகையின் பெரிய எழுத்தைக் கண்டு மயங்காது, நடுவிலையை அறிந்து, கட்டணத்தைச் சேர்த்து, மொத்தத்தை வகுத்துப் பார்த்த பின்னரே பணத்தை நீட்டுதல் வேண்டும். பள்ளியிற் கற்ற பெருக்கலும் வகுத்தலுமே அதற்குப் போதும்.